ஒரு விரற்கடை தவறினாலும் உட்காராது: ரேடியேட்டர் மாற்றுவோர் செய்யும் தவறுகள்

ரேடியேட்டரின் அடியில் இரண்டு முளைகள் இருக்கும். அவை கீழ்ச்சட்டத்தில் உள்ள ரப்பர் புஷ்களுக்குள் இறங்கி உட்கார வேண்டும். அன்று என் வண்டியில் இடப்பக்க முளை இறங்கிவிட்டது. வலப்பக்க முளை ஒரு விரற்கடை தள்ளி நின்றது. மெக்கானிக் நிமிர்ந்து பார்த்து, "தட்டி உட்கார வைத்துவிடலாமா சார்?" என்று கேட்டார். மாலையே ஊருக்குப் புறப்பட வேண்டிய அவசரம். தலையாட்டிவிட்டேன். மூன்றாவது வாரம், சாய்ந்து நின்ற ரேடியேட்டரில் விசிறிக் கூண்டின் விளிம்பு உரசி உரசி, மயிரிழை போன்ற ஓட்டை ஒன்று விழுந்திருந்தது. மறுபடி ஒரு ரேடியேட்டர், மறுபடி ஒரு கூலி.

மெக்கானிக்கைக் குறை சொல்ல முடியாது. கடைப்பலகை முன் நின்று "ஸ்விஃப்ட் டீசல்" என்று இரண்டே சொல்லில் கேட்டு வாங்கி வந்தவன் நான். கடைக்காரர் கொடுத்ததும் ஸ்விஃப்ட் டீசலுக்கு உரியதுதான். ஆனால் என்னுடையது முதல் தலைமுறை வண்டி. அவர் கொடுத்தது அடுத்த தலைமுறைக்கு உரியது.

முதலில், குற்றவாளி ரேடியேட்டர்தானா?

எஞ்சின் சூடேறியதும் எல்லோர் கையும் ரேடியேட்டரைத்தான் காட்டுகிறது. முன்னால் இருப்பதாலோ என்னவோ, பழியும் முதலில் அதன்மேல்தான் விழுகிறது. சூடு எப்போது ஏறுகிறது என்று கவனித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். போக்குவரத்து நெரிசலில் நின்றால் மட்டும் சூடு காட்டும் முள் ஏறி, வண்டி ஓடத் தொடங்கியதும் இறங்குகிறதென்றால் விசிறியைப் பாருங்கள்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். ஊருக்குள் ஒழுங்காக இருந்து, நெடுஞ்சாலை வேகத்திலும் ஏற்றத்திலும் சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பின் மீது சந்தேகம் கொள்ளலாம். அப்போதும் கூலன்ட் என்னும் குளிர்விக்கும் திரவத்தை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் திறக்காமல் சிக்கியிருக்கிறதா, வாட்டர் பம்ப் சுழல்கிறதா என்று பார்த்துவிட வேண்டும்.

எஞ்சின் தலைக்கும் உடலுக்கும் நடுவே அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் போயிருந்தால் புது ரேடியேட்டருக்குக் கொடுத்த பணம் வீண். காலையில் எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் செய்யுங்கள். குமிழிகள் நிற்காமல் வந்துகொண்டே இருந்து, புகை வாடையும் அடித்தால் கோளாறு எஞ்சினுக்குள் இருக்கிறது. சூடான எஞ்சினில் மட்டும் மூடியைத் தொடாதீர்கள். பல வண்டிகளில் சாவியை எடுத்த பிறகும் விசிறி தானாகச் சுழலும் என்பதால், கையை உள்ளே விடும்போது அதையும் மறக்க வேண்டாம்.

வண்டியின் பெயர் போதாது

ஸ்விஃப்ட் இந்தியாவுக்கு 2005-இல் 1.3 லிட்டர் பெட்ரோல் எஞ்சினோடு வந்தது. 2007-இல் 1.3 லிட்டர் டீசல் சேர்ந்தது. 2010-இல் பெட்ரோல் எஞ்சின் 1.2 லிட்டராக மாறியது. இத்தனையும் ஒரே முகத்துக்குள், ஒரே பெயருக்குள். பிறகு 2011-இல் உடலே புதிதானது, 2018-இல் மறுபடியும். இப்போது "ஸ்விஃப்ட் ரேடியேட்டர் இருக்கிறதா?" என்று கேட்டால் கடைக்காரர் எதை எடுத்துக் கொடுப்பார்?

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. அந்த 1.3 டீசல் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்டோ என்று வெவ்வேறு நிறுவனங்களின் வண்டிகளில் ஏறக்குறைய அதே எஞ்சின் ஓடியது. எஞ்சின் ஒன்றுதானே, ரேடியேட்டரும் ஒன்றாகத்தான் இருக்கும் என்று எண்ணத் தோன்றும். ஆனால் ரேடியேட்டர் எஞ்சினுக்கு வேலை செய்தாலும் குடியிருப்பது வண்டியின் முகப்பில். சட்டத்தின் அகலம், ஏ.சி. கண்டென்சர் இருக்கும் இடம், விசிறியின் அளவு ஆகியவைதான் அதன் உருவத்தைத் தீர்மானிக்கின்றன.

ஆகவே கடைக்குக் கொண்டுபோக வேண்டியது சேசிஸ் எண். ஆர்.சி.யில் அச்சாகியிருக்கும் 17 எழுத்து-எண்கள் அவை. மாருதி கார்களுக்குப் பெரும்பாலும் எம்.ஏ.3 என்று தொடங்கும், ஹூண்டாய்க்கு எம்.ஏ.எல். என்று. அதில் ஆங்கில ஐ, ஓ, க்யூ என்ற மூன்று எழுத்துகள் வருவதே இல்லை. ஒன்றோடும் பூஜ்யத்தோடும் குழம்பிவிடும் என்பதற்காகவே விலக்கிவிட்டார்கள். வட்டமாகத் தெரிவது பூஜ்யம்தான். கையால் எழுதிக்கொண்டு போவதைவிட ஆர்.சி.யைப் படமெடுத்துக்கொண்டு போவது மேல். பதிவு செய்த ஆண்டையும் தயாரித்த ஆண்டையும் ஒன்றாகக் கொள்ளாதீர்கள். டிசம்பரில் தயாரித்து மார்ச்சில் பதிவான வண்டிகள் ஏராளம். மாடல் மாறிய ஆண்டாக அமைந்துவிட்டால் அந்த மூன்று மாதம் உங்களைச் சுற்றலில் விட்டுவிடும்.

பழைய ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் ஒட்டியோ அச்சிட்டோ பாக எண் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். அந்த எண்ணில் ஒரு கண்ணி இருக்கிறது. சுசுகி ரேடியேட்டர் எண்கள் 17700 என்று தொடங்கும். ஹூண்டாயில் 25310, ஹோண்டாவில் 19010. முதல் ஐந்து இலக்கம் ஒத்துப்போனதும் 'அதே பொருள்' என்று வாங்கி வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த ஐந்து இலக்கம் சொல்வது 'இது ரேடியேட்டர்' என்பதை மட்டுமே. எந்த வண்டிக்கு என்பது அதற்குப் பின்னால் வரும் எழுத்துகளில் இருக்கிறது.

நாடாவை எங்கே வைப்பது

எண் கிடைக்காத பழைய வண்டிக்கு அளவுதான் துணை. அளக்க வேண்டியது 'கோர்' எனப்படும் பகுதியை, அதாவது மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய நடுப்பகுதியை. இரு முனையிலும் உள்ள பிளாஸ்டிக் தொட்டிகளையும் சேர்த்து அளந்துவிட்டுக் கடையில் சொன்னால், கடைக்காரர் அதைக் கோரின் அளவாக எடுத்துக்கொண்டு பெரிதாக ஒன்றைக் கொடுப்பார். தொட்டிகள் மேலும் கீழுமாக இருக்கின்றனவா, இடமும் வலமுமாக இருக்கின்றனவா என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் உயரம் அகலமாகிவிடும்.

கனத்தைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். ஒரே உயரம், ஒரே அகலத்தில் 16 மி.மீ. கனத்தில் ஒன்றும் 26 மி.மீ. கனத்தில் ஒன்றும் கிடைக்கலாம். கனமானது கூடுதலாகக் குளிர்விக்கும்தானே என்று ஆசை வரும். ரேடியேட்டர் தனியாக நிற்பதில்லை. முன்னால் கண்டென்சர், பின்னால் விசிறி, அதற்கும் பின்னால் எஞ்சின். 10 மி.மீ. கூடினால் விசிறி அவ்வளவு பின்னே தள்ளப்படும். சிறிய கார்களில் விசிறி மோட்டாருக்கும் எஞ்சினுக்கும் நடுவே கை நுழையாத அளவு இடம்தான் இருக்கும். எஞ்சின் தன் மவுண்டில் கொஞ்சம் ஆடவும் செய்யும்.

அடுத்து ஹோஸ் மாட்டும் கழுத்துகள். இடமா வலமா என்பதில் பெரிய குழப்பம் வரும். பானெட்டைத் திறந்து வண்டிக்கு முன்னால் நிற்பவருக்கு இடப்பக்கம் என்பது, ஓட்டுநர் இருக்கையில் இருப்பவருக்கு வலப்பக்கம். தொழிலில் இடம் வலம் சொல்வது ஓட்டுநர் இருக்கையிலிருந்து. தொலைபேசியில் கேட்கும்போது இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், அல்லது 'பேட்டரி இருக்கும் பக்கம்' என்பதுபோல் மாறாத அடையாளத்தைச் சொல்லுங்கள். கழுத்தின் வெளிவிட்டத்தை வெர்னியர் கொண்டு அளக்க வேண்டும். கழுத்து சிறிதாக இருந்தால் கிளிப்பை இறுக்கிச் சமாளித்துவிடலாம் என்பார்கள். பிளாஸ்டிக் கழுத்தில் திருகுக் கிளிப்பை ஓங்கி இறுக்கினால் அது விரிசல் விடும். அன்றைக்கே விடாமல் நெடும்பயணத்தில் விடும்.

இவ்வளவையும் மிஞ்சும் சோதனை ஒன்று இருக்கிறது. பழைய ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துக்கொண்டுபோய், இரண்டு செருப்பைச் சேர்த்துவைத்து அளவு பார்ப்பதுபோல, புதியதோடு முதுகோடு முதுகாக வைத்துப் பாருங்கள். அடி முளைகள், மேல் பிராக்கெட் துளைகள், விசிறிக் கூண்டு திருகும் காதுகள், கண்டென்சர் தொங்கும் கொக்கிகள், வடிகுழாய்த் திருகு, சென்சர் மாட்டும் இடம் இருந்தால் அதுவும். கோர் அப்படியே பொருந்தி, ஒரே ஒரு காது மட்டும் இல்லாமல் போகும் மாற்று உதிரிகள் உண்டு. அந்தக் காது இல்லையென்றால் விசிறியை மெக்கானிக் பிளாஸ்டிக் பட்டையால் கட்டிவிடுவார். கட்டிவிட்டு, "ஒன்றும் ஆகாது சார்" என்பார்.

சென்னையில் பழைய உதிரிகள் விற்கும் புதுப்பேட்டையில் பழைய ரேடியேட்டர் பாதி விலைக்குக் கிடைக்குமே என்று கேட்பவர்களுக்கு என் பதில்: கதவு வாங்குங்கள், கண்ணாடி வாங்குங்கள், ரேடியேட்டர் வேண்டாம். பிளாஸ்டிக் தொட்டி சூடு தின்று உடையக் காத்திருக்கும். முன் சொந்தக்காரர் ஆண்டுக்கணக்கில் போர்வெல் தண்ணீர் ஊற்றியிருந்தால் குழல்களுக்குள் உப்பு கட்டியிருக்கும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டுமே தெரியாது.

'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்

கிளட்ச்சுக்குப் பதிலாக ஆயில் வழியே விசையைக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக் வண்டிகள் பலவற்றில் கியர் ஆயில் ரேடியேட்டரின் தொட்டிக்குள் உள்ள ஒரு சிறு குளிர்விப்பான் வழியாக ஓடி ஆறுகிறது. அதற்கென்று தொட்டியில் இரண்டு கூடுதல் முனைகள் இருக்கும். மேனுவல் வண்டியின் ரேடியேட்டரில் அவை இருக்காது. ஆயில் ஆறாமல் ஓடினால் வீணாவது கியர் பெட்டி. அதன் விலையைக் கேட்டால் ரேடியேட்டர் இலவசமாகத் தோன்றும்.

நம் ஊரில் குழப்பம் வருவது ஏ.எம்.டி. வண்டிகளால். 2014-இல் செலேரியோவோடு பரவத் தொடங்கிய இந்த வகையில் இருப்பது மேனுவல் கியர் பெட்டிதான். கிளட்ச்சை அழுத்துவதையும் கியர் மாற்றுவதையும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. அதற்கு இந்த ஆயில் முனைகள் தேவையில்லை. டிசையர் என்ற ஒரே பெயரில் இரு வகையும் விற்பனையாகியிருக்கின்றன. எனவே "ஆட்டோமேட்டிக்" என்று மட்டும் சொல்லாமல் எந்த வகை என்று சொல்லுங்கள், அல்லது பழைய தொட்டியில் முனைகள் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள். முனைகளோடு வரும் புதிய ரேடியேட்டரில் பிளாஸ்டிக் அடைப்பான்கள் செருகியிருக்கும். ஆயில் குழாயை மாட்டும் முன் அவற்றைப் பிடுங்க வேண்டும் என்று எழுதுவதற்கே கூச்சமாக இருக்கிறது. மறந்தவர்கள் இருப்பதால் எழுதுகிறேன்.

மூடியும் தண்ணீரும்

பழைய மூடியை எடுத்துப் புதியதில் திருகிவிடுவது சிறிய சிக்கனம், பெரிய தொல்லை. மூடியின் தலையில் 0.9 அல்லது 1.1 என்று அழுத்தம் 'பார்' கணக்கில் பொறித்திருக்கும். 1.1 பார் அழுத்தத்தில் வெறும் தண்ணீரே ஏறக்குறைய 120 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த மூடி அந்த அழுத்தத்தைப் பிடித்து வைக்காது. அளவுக்கு மேல் பிடிக்கும் மூடி பழைய ஹோஸைப் பிளக்கும். உங்கள் வண்டிக்குச் சொல்லப்பட்ட எண்ணையே போடுங்கள். போலோ போன்ற வண்டிகளில் ரேடியேட்டரில் மூடியே கிடையாது. அழுத்தம் தாங்கும் மூடி கூலன்ட் டப்பாவில் இருக்கும்.

கூலன்டை நிறம் பார்த்து வாங்குவதும் தவறுதான். நீலம், பச்சை, சிவப்பு என்பவை கலந்த சாயம் மட்டுமே; ஒரே நிறத்தில் வேறு வேறு வேதிக் கலவைகள் உண்டு. கையேட்டில் சொன்ன வகையை வாங்கி, கலக்க வேண்டியதாக இருந்தால் பேட்டரித் தண்ணீர் என்று விற்கும் உப்பு நீக்கிய நீரைக் கலக்குங்கள். ஒழுகலை அடைக்க எப்போதோ மஞ்சள்பொடியோ கடையில் விற்கும் அடைப்புப் பொடியோ போட்டிருந்தால், புதியதை மாட்டும் முன் எஞ்சின் பக்கத்தை நன்றாக அலசிவிட வேண்டும். இல்லாவிட்டால் அந்தச் சேறு முதல் நாளே புது ரேடியேட்டருக்குள் குடியேறும். வடித்த பழைய கூலன்டைத் திறந்த பாத்திரத்தில் வைக்காதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், அது நஞ்சு.

ஊற்றுவதற்கு முன்

கூலன்ட் ஊற்றிய ரேடியேட்டரைக் கடைக்காரர் திரும்ப எடுக்க மாட்டார். அதனால் முதலில் உலர்ந்தபடியே மாட்டச் சொல்லுங்கள். முளைகள் இரண்டும் தாமாக இறங்க வேண்டும். விசிறியைக் கையால் சுழற்றினால் எங்கும் உரசக் கூடாது. ஹோஸ் இழுபடாமல், மடங்காமல் எட்ட வேண்டும். ஓரங்களில் இருக்கும் ஸ்பான்ஞ்சுப் பட்டைகளும் பிளாஸ்டிக் தடுப்புகளும் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டும். 'வேண்டாத உதிரி' என்று பட்டறைத் தரையிலேயே அவை விடப்படுவதைப் பார்த்திருக்கிறேன். அவை இல்லாவிட்டால் காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவிவிடும்.

பிறகு மெதுவாக ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, விசிறி இரண்டு முறை ஓடி நிற்கும் வரை எஞ்சினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்ற வேண்டும். மறுநாள் காலை எஞ்சின் ஆறிய நிலையில் டப்பாவில் அளவைப் பாருங்கள். சற்று இறங்கியிருப்பது இயல்பு. நிரப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு கோடு போட்டு வையுங்கள். ஒரு வாரம் கழித்தும் கூலன்ட் அந்தக் கோட்டிலேயே நின்றால் சரி. கோட்டுக்குக் கீழே இறங்கி, ஹோஸ் கழுத்தருகில் வெள்ளையாகப் பொடி படிந்திருந்தால் வண்டியை அன்றே பட்டறைக்குக் கொண்டு போங்கள்.