வானியல் மன்றத்துக்கு ஆள் சேர்க்க இரண்டு நிமிடப் பேச்சைத் தயாரிப்பது எப்படி?

கல்லூரி திறந்த முதல் மாதத்தில், பாடவேளையின் தொடக்கத்தில் ஆசிரியரிடம் அனுமதி கேட்டு முதலாண்டு மாணவர்கள் முன் நிற்கும்போது நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு நிமிடம்தான். நான் முதன்முறை பேசியபோது அந்த நேரம் முழுவதையும் மன்றத்தின் வரலாற்றுக்கும் பொறுப்பாளர்களின் பெயர்ப் பட்டியலுக்கும் கொடுத்துவிட்டுப் படிவத்தைச் சுற்றுக்கு விட்டேன். மூன்று பெயர்களோடு அது திரும்பி வந்தது.

படி 1: கடைசி வாக்கியத்தை முதலில் எழுதுங்கள். அதில் "உறுப்பினராகுங்கள்" என்று கேட்காமல், ஒரே ஒரு மாலைக்கு மட்டும் அழையுங்கள். "வரும் வெள்ளிக்கிழமை மாலை 7 மணிக்கு நூலகக் கட்டட மொட்டைமாடிக்கு வாருங்கள், நிலவைக் காட்டுகிறோம்" என்பது போல நாளும் நேரமும் இடமும் அதில் இருக்க வேண்டும். நாளைக் குறிக்கும் முன் நாட்காட்டியில் திதியைப் பார்த்து, வளர்பிறை நவமி அல்லது தசமியைத் தேர்ந்தெடுங்கள். பௌர்ணமியன்று நிலவின் மேல் வெயில் நேராக விழுவதால் நிழலே தெரியாது. அதற்குச் சில நாள் முன்பு, ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டருகே வெயில் சாய்வாக விழுவதால், பள்ளங்களும் மலைகளும் எடுப்பாகத் தெரியும்.

படி 2: தொடக்க வாக்கியம். மேலே சொன்ன அதே செய்தியையே தொடக்கமாக்கலாம். "பௌர்ணமி நிலவைத் தொலைநோக்கியில் பார்த்தால் வெள்ளைத் தட்டுதான் தெரியும், ஐந்து நாள் முன்னதாகப் பார்த்தால், சென்னையிலிருந்து காஞ்சிபுரம் போகும் தூரத்தைவிட அகலமான ஒரு பள்ளம் தெரியும்." இது கோப்பர்நிக்கஸ் பள்ளம், அதன் அகலம் ஏறக்குறைய 93 கி.மீ. வணக்கமும் உங்கள் பெயரும் இதற்குப் பிறகு வந்தால் போதும்.

படி 3: கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இயற்பியல் தெரிய வேண்டுமா, தொலைநோக்கி வாங்க வேண்டுமா என்பவற்றுக்கு "வேண்டாம்" என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். பலரைத் தடுப்பது வேறு கவலை: வெளியூரிலிருந்து வந்து போகிறவருக்குக் கடைசிப் பேருந்து, விடுதியில் இருப்பவருக்கு வாயிற்கதவு மூடும் நேரம். ஆகவே "8 மணிக்கு முடித்துவிடுவோம், விடுதிக் காப்பாளரிடம் அனுமதி வாங்கியிருக்கிறோம்" என்று சொல்லுங்கள். சொல்லும் முன் உண்மையிலேயே வாங்கிவிடுங்கள். 2.34 மீட்டர் விட்டமுள்ள வைணு பாப்பு தொலைநோக்கி இருக்கும் காவலூருக்கு ஆண்டுதோறும் அழைத்துப் போவது உங்கள் மன்றத்தின் வழக்கமென்றால், அதையும் ஒரு வரி சேர்க்கலாம். வழக்கமில்லையென்றால் ஆசை காட்ட வேண்டாம்.

படி 4: கைப்பேசியில் பதிவு செய்து கேளுங்கள். என் வேகத்தில் இரண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 180 சொற்கள் போதும். பேச்சு இரண்டு நிமிடத்தைத் தாண்டினால் வேகத்தைக் கூட்டாமல், மன்றத்தைப் புகழும் வாக்கியங்களை முதலில் வெட்டுங்கள்.

படி 5: பேசி முடித்ததும் வாட்ஸ்அப் குழுவுக்கான கியூஆர் குறியீட்டைத் தாளில் பெரிதாக அச்சிட்டு, இடைவேளையில் வகுப்பு வாசலில் நில்லுங்கள். ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் மாலை மேகத்தை நம்ப முடியாது என்பதால், அடுத்த நாளையும் மாற்றுத் தேதியாக அதே தாளின் அடியில் எழுதி வையுங்கள்.