பால் பண்ணைக் கிடாக்குட்டியை வாங்கிக் கறிக்கு வளர்க்கப் போகிறீர்களா?

ஆட்டுப்பால் விற்கிற பண்ணையில் கிடாக்குட்டி பிறந்தால் முதலாளி முகம் சுண்டிப்போகும். பெட்டை என்றால் நாளைக்குக் கறக்கும், கிடா விற்க வேண்டிய பாலைக் குடித்துவிட்டு நிற்கும். அதனால் தலைச்சேரி இன ஆட்டின் கிடாக்குட்டிகளை நாலைந்து நாளிலேயே சல்லிசாகத் தள்ளிவிடுகிறார்கள். மலிவாயிற்றே என்று முதல் தடவை ஆறு குட்டி அள்ளிக்கொண்டு வந்தேன். பத்து நாளில் நாலு போய்விட்டது.

எல்லாம் சீம்பால் கிடைக்காததால் வந்த வினை. வெள்ளாட்டில் தாயின் எதிர்ப்புச் சக்தி கருவில் இருக்கும்போது குட்டிக்கு வராது, சீம்பால் வழியாகத்தான் வரும், அதையும் குடல் ஏறக்குறைய முதல் 24 மணி நேரம்தான் உள்ளே வாங்கும். அதனால் விலை பேசும் முன்பே பண்ணைக்காரரிடம் சொல்லி வையுங்கள்: பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு தடவை, அன்றைக்குள் மொத்தம் எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 2 கிலோ குட்டிக்கு 200 மில்லி. தொப்புளில் டிஞ்சர் அயோடின் தடவியிருக்க வேண்டும். இதற்காக நூறு இருநூறு கூடக் கேட்டால் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் வாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். உள்ளே சில்லென்று இருந்தால் பால் கொடுக்கக் கூடாது, செரிக்காது. சாக்கில் சுற்றி, குண்டு பல்பு போட்டுச் சூடேற்றி, குட்டி விரலைச் சப்ப ஆரம்பித்த பிறகுதான் பாட்டில். நிற்க வைத்து, தாய் மடிக்கு அண்ணாந்து குடிப்பதுபோல் தலை லேசாக உயர்ந்திருக்கும்படி பிடியுங்கள். மடியில் மல்லாத்திப் போட்டு ஊட்டினால் பால் நுரையீரலுக்குப் போய்விடும், அப்புறம் சளி, மூச்சிரைப்பு என்று ஒரே அலைச்சல்தான்.

ஆட்டுப்பால் வாங்கிக் கட்டுப்படியாகாது, பசும்பாலே போதும். நம் உடல் சூட்டுக்குக் கொஞ்சம் மேலே, 39 டிகிரி செல்சியஸ் வாக்கில் வெதுவெதுப்பாக, முதல் வாரம் நாலு வேளையாகப் பிரித்து 300 மில்லி, மூன்றாவது வாரத்தில் அரை லிட்டர் தாண்டலாம். ஒரே பால், ஒரே நேரம், கழுவின பாட்டில். பால் மறக்கும் வரை குட்டிக்கு 35 முதல் 40 லிட்டர் ஆகும், உங்கள் ஊர் பால் விலையைப் பெருக்கிப் பார்த்துவிட்டு இறங்குங்கள்.

இந்தச் செலவைக் குறைக்க ஒரே வழி, வயிற்றைச் சீக்கிரம் பழக்குவது. இரண்டாவது வாரத்திலேயே வேலிமசால் என்கிற தீவனத்தழை, அகத்திக் கொத்தைக் குட்டியின் மூக்கு உயரத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், குட்டிகளுக்கான தீவனம் ஒரு கைப்பிடியும் வையுங்கள். தரையில் வைத்தால் அதிலேயே ஏறி நின்று புழுக்கை போடும், அதையே தின்னும், மூன்று வாரத்துக்கு மேல் வருகிற ரத்தக் கழிச்சல் அப்படித்தான் பரவுகிறது. தினம் 100, 150 கிராம் தீவனத்தை மிச்சம் வைக்காமல் தின்கிறது, எடை 7, 8 கிலோ வந்துவிட்டது என்றால் பாலை ஒரு வாரமாகக் குறைத்து நிறுத்தலாம்.

குடற்புழு மருந்தைக் கால்நடை மருத்துவர் சொல்கிற அளவில் கொடுங்கள். மூன்று மாதம் தாண்டினதும் துள்ளுமாரி, ஆட்டுக்கொல்லி (PPR) நோய்களுக்குத் தடுப்பூசி. துள்ளுமாரி நன்றாகத் தின்று கொழுத்த குட்டியைத்தான் முதலில் அடிக்கும், ராத்திரி துள்ளிக்கொண்டிருந்தது காலையில் கிடக்கும்.

காயடிப்பதா வேண்டாமா என்று எல்லாரும் கேட்பார்கள். சின்னதிலேயே காயடித்து, அதோடு தவிட்டை அள்ளிப் போட்டு வளர்த்தால் நீர்த்தாரையில் கல் அடைக்கும், குட்டி முக்கிக்கொண்டே நிற்கும், சொட்டுச் சொட்டாகப் போகும். தவிட்டில் பாஸ்பரஸ் அதிகம், அதுதான் காரணம். எட்டு மாதத்துக்குள் விற்கப் போகிறீர்கள் என்றால் சும்மா விட்டுவிடுங்கள், நாலாவது மாதமே பெட்டைகளைப் பிரித்துவிட்டால் போதும். தண்ணீர் எப்போதும் இருக்க வேண்டும்.

பால் இனக் குட்டி முதலில் எலும்பாகத்தான் நீளும், சதை பின்னால்தான் பிடிக்கும். ஐந்து மாதத்தில் வியாபாரி வந்து முதுகைத் தடவிப் பார்த்துக் கண் மதிப்பில் ஒரு விலை சொல்வார், மயங்கிவிடாதீர்கள், தொங்கு தராசு ஒன்று வாங்கி உயிர் எடைக்கே விற்கப் பாருங்கள். பக்ரீத்துக்கு நிறுத்துவதென்றால் ஒரு வருடம் முடிந்து பால் பல் விழுந்து இரண்டு நிலைப்பல் போட்டிருக்க வேண்டும், கொம்பு ஒடிந்தது, நொண்டுவது, கண் போனது எதையும் வாங்க மாட்டார்கள். அப்படி ஏதாவது ஆகிவிட்டால் பண்டிகை வரை தீனி போடாமல் அந்த வாரமே கறிக்கடைக்கு எடை போட்டு அனுப்பிவிடுங்கள்.