தரைக்கு அடியில் தீ: ரோமானியக் குளியல்கூடத்தின் சிறு மாதிரி செய்யலாம்

இத்தாலியில் உள்ள பண்டைய ரோமானிய நகரமான பொம்பெயியின் ஸ்டேபியன் குளியல்கூடத்தில் ஒரு வெந்நீர் அறையின் தரை பெயர்ந்து கிடக்கிறது. அடியில் வரிசை வரிசையாகக் குட்டைச் செங்கல் தூண்கள். அடுப்பின் அனல் அந்தத் தூண்களுக்கு நடுவே ஓடித்தான் மேல்தரையைச் சுடவைத்தது. இந்த அமைப்புக்குப் பெயர் ஹைபோகாஸ்ட். கட்டிப் பார்த்தால்தான் இதன் அருமை புரியும்.

அளவுகளை விட்ருவியஸ் என்ற ரோமானியக் கட்டடக்கலைஞர் எழுதிவைத்திருக்கிறார்: தூண் உயரம் 2 அடி, தூணின் செங்கல் எட்டு அங்குலச் சதுரம், மேலே மூடும் ஓடு 2 அடிச் சதுரம். பத்தில் ஒரு பங்காகக் குறைத்துக்கொள்வோம். தூண் 6 செ.மீ. உயரம், 2 செ.மீ. சதுரம், ஓடு 6 செ.மீ. சதுரம்.

முதலில் களிமண்ணைப் பிசைந்து 36 தூண்களும் 25 ஓடுகளும் வெட்டுங்கள். காயும்போது மண் சுருங்கும் என்பதால் கொஞ்சம் பெரிதாகவே வெட்டி, காய்ந்தபின் உப்புத்தாளில் தேய்த்து அளவுக்குக் கொண்டுவாருங்கள். நிழலில்தான் காயவைக்க வேண்டும். முதல் தடவை அவசரப்பட்டு வெயிலில் வைத்தேன், ஓடுகள் பாதிக்கு மேல் விரிசல் விட்டன.

அடுத்தது அடித்தளம். நான் மிகவும் ரசித்த வேலை இதுதான். அடித்தளம் அடுப்பு வாயை நோக்கிச் சரிய வேண்டும், உள்ளே பந்தைப் போட்டால் அது வாய்க்கே உருண்டு திரும்ப வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். அனல் மேல்நோக்கிப் போகும் அல்லவா, அந்தச் சரிவில் தானாக ஏறி அறை முழுக்கப் பரவும். ஒரு பெரிய தரை டைல்ஸின் மேல் மண்ணைப் பரப்புங்கள்: பின்பக்கம் 2 செ.மீ. கனம், வாய்ப்பக்கம் 1 செ.மீ. கோலிக்குண்டு ஒன்றை உருட்டிப் பாருங்கள். நடுவில் நின்றுவிட்டால் அந்த இடத்தைத் தட்டிச் சரிசெய்யுங்கள்.

சரி, இனி தூண்கள். மையத்துக்கு மையம் 6 செ.மீ. விட்டு, ஆறுக்கு ஆறாக நிறுத்துங்கள். மேல்தரை மட்டமாக அமைய, வாய்ப்பக்க வரிசை 6 செ.மீ., கடைசி வரிசை 5 செ.மீ., நடுவில் இருப்பவை படிப்படியாக. ஒவ்வோர் ஓட்டின் நான்கு மூலைகளும் நான்கு தூண்களில் உட்கார வேண்டும். இடுக்குகளை ஈரமண்ணால் பூசுங்கள். ரோமானியர்கள் இதற்கு மேல் செங்கல் தூள் கலந்த சுண்ணாம்புக் காரை போட்டு, மொசைக் பதித்தார்கள்.

சுற்றிலும் மண்சுவர் வையுங்கள், முன்பக்கம் அடுப்பு வாய்க்கு மட்டும் இடம் விட்டு. பின்சுவரில் நான்கு மண்குழாய்கள், கீழ்முனை தரைக்கு அடியில் திறந்தபடி. நிஜக் கட்டடத்திலும் சுவருக்குள் இப்படிச் சதுரக் குழாய்கள் உண்டு. புகை வெளியேறும் வழியிலேயே சுவரும் சூடாகிவிடும்.

நன்றாகக் காய்ந்ததும் வாயில் இரண்டு அகல் விளக்கு ஏற்றுங்கள். குழந்தைகள் செய்தால் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். கொஞ்ச நேரம் கழித்து ஊதுவத்தியை வாயருகே காட்டுங்கள். புகை உள்ளே இழுபட்டுக் குழாய் வழியாக மேலே வரும். வாய்க்கே திரும்பினால் எங்கோ இடுக்கு இருக்கிறது, தேடிப் பூசுங்கள்.

அரை மணி நேரம் போனதும் உள்ளங்கையைத் தரைமேல் வைத்து வாயிலிருந்து பின்சுவர் வரை மெல்ல நகர்த்துங்கள். சூடு படிப்படியாகக் குறைவது தெரியும். அடுப்பை ஒட்டி வெந்நீர் அறையான கால்டேரியத்தையும், அதற்கு அப்பால் வெதுவெதுப்பான டெபிடேரியத்தையும் அவர்கள் வைத்த காரணம் அப்போது கைக்கே தெரிந்துவிடும்.