கிளட்ச் ப்ளீடர் நிப்பிள் மாற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாலை ஆறரை மணிக்கு சில்க் போர்டு சந்திப்பில் கிளட்ச் பெடல் தரையோடு போய் மேலே வராமல் நின்றால் எப்படி இருக்கும் என்று பெங்களூரில் கார் ஓட்டுபவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. போன மழைக்காலத்தில் எனக்கு அது நடந்தது. என் கார் முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989-இல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமாகி 1997 வரை தயாரான வகை. கால் நுனியால் பெடலைத் தூக்கித் தூக்கி பம்ப் செய்து எப்படியோ ஓரங்கட்டினேன். கீழே டார்ச் அடித்துப் பார்த்தால், கியர்பாக்ஸ் பக்கவாட்டில் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரில் (பெடலை மிதித்தால் வரும் ஆயில் அழுத்தத்தால் கிளட்சைத் தள்ளும் சிலிண்டர்) ப்ளீடர் நிப்பிள், அதாவது உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றும் சின்னத் திருகு, நனைந்திருந்தது.

சில மாதங்களுக்கு முன் ஒரு கராஜில் கிளட்ச் ஆயில் மாற்றியிருந்தார்கள். கசியவே கூடாது என்று நல்ல எண்ணத்தில்தான் நிப்பிளை இறுக்கி முறுக்கியிருக்கிறார்கள். கழற்றிப் பார்த்தபோது அதன் முனையில் ஒரு வளையம் போலப் பள்ளம் விழுந்திருந்தது. சிவாஜிநகரில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் அண்ணன் ஒருவர் அதைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, ஆயிலைத் தடுக்கிறது திரெட் இல்ல. இந்த முனைதான். முனை போச்சுன்னா எவ்வளவு முறுக்கினாலும் நிக்காது."

இந்த வேலையில் நடக்கும் தவறுகளில் முக்கால்வாசி, அவர் சொன்ன இந்த ஒரு விஷயம் தெரியாததால் வருபவை. நிப்பிளின் நடுவில் நீளவாக்கில் ஒரு துளை ஓடும். அது கூம்பு முனைக்குச் சற்று மேலே, பக்கவாட்டுத் துளையில் முடியும். இறுக்கும்போது கூம்பு, சிலிண்டருக்குள் இருக்கும் இருக்கையில் போய் உட்கார்ந்து அடைக்கிறது. கால் சுற்று தளர்த்தினால் கூம்பு விலகி, ஆயில் பக்கத்துளை வழியாக ஏறி வெளியே வருகிறது. திரெட்டுக்கு, அதாவது மரைக்கு, இதில் நிப்பிளைப் பிடித்து நிறுத்தும் வேலை மட்டும்தான்.

கழற்றுவதற்கு முன்பே ஒரு தவறு நடந்துவிடும். ஈரத்தைப் பார்த்ததும் நிப்பிள்தான் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பழைய காரில் ஸ்லேவ் சிலிண்டரின் உள் சீல் தேய்ந்து கசிவதற்கே வாய்ப்பு அதிகம். அந்த ஆயில் சிலிண்டரின் மேலெல்லாம் வழிந்து நிப்பிளையும் நனைத்துவிடும். எல்லாவற்றையும் துணியால் சுத்தமாகத் துடைத்து, நிப்பிளைச் சுற்றி ஒரு டிஷ்யூ பேப்பர் கட்டுங்கள். ஒருவர் பெடலை இருபது முப்பது தடவை மிதிக்கட்டும். பேப்பர் நனைந்தால் நிப்பிள். பேப்பர் காய்ந்திருந்து, புஷ் ராட் (சிலிண்டரிலிருந்து கிளட்சைத் தள்ளும் கம்பி) பக்கத்து ரப்பர் உறையை விலக்கினால் உள்ளே ஆயில் தேங்கியிருக்கிறது என்றால் சிலிண்டரையே மாற்ற வேண்டும். அப்போது நிப்பிளுக்கு மட்டும் செலவு செய்வது வீண்.

அடுத்தது, காரைத் தூக்குவது. ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். நம் ஊரில் கைக்கு எளிதாகக் கிடைக்கிறதே என்று சிமென்ட் ஹாலோ பிளாக்கை அடியில் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது எச்சரிக்கை எதுவும் தராமல் ஒரே நொடியில் நொறுங்கும். ஆக்சில் ஸ்டாண்ட் இல்லாவிட்டால் இந்த வேலையை அன்றைக்கு ஆரம்பிக்கவே வேண்டாம்.

இருபது முப்பது வருடம் சிலிண்டரில் உட்கார்ந்திருந்த நிப்பிள் கேட்டதும் வந்துவிடாது. இரும்பு நிப்பிள், பல கார்களில் அலுமினிய சிலிண்டர். நடுவில் துரு. இங்கேதான் பொறுமை வேண்டும். முந்தின நாள் இரவே சுற்றிலும் வயர் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்து, துரு இளக்கும் ஆயில் விட்டுவிடுங்கள். காலையில் மறுபடியும் விடுங்கள். ஓப்பன் ஸ்பேனர் வைக்கவே கூடாது. அது இரண்டு பக்கத்தை மட்டும் பிடிப்பதால் தலையின் மூலைகள் மழுங்கிவிடும். ஆறு மூலையையும் கவ்வும் பாக்ஸ் ஸ்பேனர்தான் சரி. முதலில் இறுக்கும் திசையில் ஒரு மயிரிழை அசைத்து, அப்புறம் தளர்த்துங்கள். அசையவில்லையா? சிறு சுத்தியலால் தலையில் லேசாகத் தட்டிவிட்டு இன்னொரு தடவை முயலுங்கள். நிப்பிளின் நடுவே துளை இருப்பதால் அதற்கு வலு குறைவு. ஸ்பேனருக்குக் குழாய் மாட்டி நெம்பினால் கழுத்தில் முறிந்து, பாதி உள்ளேயே நின்றுவிடும். சூடு காட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். உள்ளே ரப்பர் சீல் இருக்கிறது, கிளட்ச் ஆயிலாக ஊற்றுவதும் பிரேக் ஆயில்தான், அது தீப்பிடிக்கும். அதனால் தீயை அதன் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள். முறிந்தே போனால், டிரில் போட்டு எடுக்கப் போராடுவதைவிட சிலிண்டரோடு மாற்றுவதுதான் என் அனுபவத்தில் மலிவு.

வெளியே வந்த நிப்பிளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பெங்களூரில் கார் உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜேசி ரோட்டில் கடை கடையாக ஏறினால் பத்து விதமான நிப்பிள் காட்டுவார்கள், தூரத்திலிருந்து எல்லாம் ஒன்று போலத்தான் இருக்கும். எம்8-இல் (8 மில்லிமீட்டர் விட்டம்) 1.25 பிட்சும் உண்டு, 1.0 பிட்சும் உண்டு; பிட்ச் என்பது திரெட்டின் பல்லுக்குப் பல் உள்ள இடைவெளி, மில்லிமீட்டரில். இரண்டையும் கண்ணால் பிரித்தறிவது கஷ்டம். தவறானதைத் திருகினால் முதல் ஒன்றிரண்டு சுற்று போகும், பிறகு இறுகும். அந்த இறுக்கத்தை மீறி ஸ்பேனர் போட்டால் சிலிண்டரின் திரெட் போய்விடும். பழையதைக் கையில் எடுத்துப்போய் வெர்னியரும் பிட்ச் கேஜும் வைத்துப் பாருங்கள். பிட்ச் கேஜ் இல்லாவிட்டால் இரண்டு நிப்பிள்களின் திரெட்டையும் ஒன்றோடொன்று சேர்த்து வெளிச்சத்தில் பிடித்தால், பல்லுக்குப் பல் பொருந்துகிறதா என்று தெரிந்துவிடும். நீளத்தையும் கூம்பின் வடிவத்தையும் கட்டாயம் ஒப்பிட வேண்டும். தலை முதலில் போய் முட்டிக்கொண்டால் கூம்பு இருக்கையைத் தொடாது. வெளியே நன்றாக இறுகியது போலத் தெரிந்தாலும் உள்ளே அடைத்திருக்காது. மாற்றும் முன் டார்ச் அடித்து இருக்கையையும் பாருங்கள். அதில் கீறலோ குழியோ இருந்தால் புது நிப்பிளும் கசியும்.

புதிதை விரலாலேயே முழுக்கத் திருகுங்கள். விரலால் போகவில்லை என்றால் ஏதோ தப்பு, நிறுத்துங்கள். டெஃப்லான் டேப்பைக் கசிவுக்கு மருந்தாகச் சுற்றுகிறார்கள். கூம்பு அடைக்காத நிப்பிளை டேப் காப்பாற்றாது. அதன் துண்டு பிய்ந்து உள்ளே போனால் சின்னத் துளையையே அடைக்கும். கடைசி இறுக்கத்துக்கு உங்கள் காரின் கையேட்டைப் பாருங்கள். இந்த அளவு சிறிய நிப்பிள்களுக்குப் பெரும்பாலும் 10 நியூட்டன் மீட்டருக்குக் கீழேதான் இருக்கும். அதாவது, குட்டையான ஸ்பேனரை இரண்டு விரலால் பிடித்து இழுக்கும் பலம்.

பிறகு ஆயில். பிரேக் ஆயில் தரங்களில் டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 சிலிக்கான் வகை, பெயர் ஒட்டி இருப்பதால் ஏமாந்து கலந்துவிடாதீர்கள். கிளட்ச் ரிசர்வாயர் (ஆயில் ஊற்றும் சிறு தொட்டி) மூடியில் அச்சிட்டிருப்பதை மட்டும் ஊற்றுங்கள். இன்ஜின் ஆயிலோ கியர் ஆயிலோ ஒரு துளி பட்டாலும் இந்தச் சீல்கள் ஊதிப் போகும், சிலிண்டரைத் துடைக்க பெட்ரோலும் கூடாது. கிளைகால் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 3 குறைந்தது 205 டிகிரியில் கொதிக்க வேண்டும் என்பது தரக்கணக்கு. 3.7 சதவீதம் நீர் சேர்ந்தால் அந்த அளவு 140 ஆகிவிடுகிறது. அதனால் அலமாரியில் போன வருடம் திறந்து வைத்த அரை பாட்டில் இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், புதிதாக ஒரு சின்ன பாட்டில் வாங்குங்கள். பெயின்ட் மேல் சிந்தினால் உடனே நிறையத் தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள். கொஞ்ச நேரம் விட்டாலே பெயின்ட் உரியும்.

ஏர் எடுக்கும்போதுதான், அதாவது உள்ளே சிக்கிய காற்றை நிப்பிளில் மாட்டிய டியூப் வழியாக வெளியேற்றும்போதுதான், பலர் மனம் உடைந்துபோகிறார்கள். டியூபில் குமிழி வந்துகொண்டே இருக்கும், ஒரு லிட்டர் ஆயில் போனாலும் நிற்காது. அநேகமாக அது உள்ளிருந்து வரும் காற்றே இல்லை. நிப்பிளை முழுச் சுற்று தளர்த்திவிட்டால் திரெட் இடுக்கு வழியாக வெளிக்காற்று உள்ளே வந்து டியூபில் குமிழியாகத் தெரியும். கால் சுற்று, மிஞ்சினால் அரைச் சுற்று போதும். ஒருவர் பெடலை மெதுவாக மிதித்துப் பிடித்திருக்க, நீங்கள் திறந்து, ஆயில் வந்ததும் மூடிவிட்டு, அப்புறம்தான் "விடுங்க" என்று சொல்ல வேண்டும். திறந்த நிலையில் பெடல் மேலே வந்தால் வெளியேற்றிய காற்று திரும்பிப் போய்விடும். பெடல் தானாக மேலே வராவிட்டால் கையால் தூக்கிவிடச் சொல்லுங்கள். கிளட்ச் ரிசர்வாயர் மிகச் சிறியது. ஏழெட்டு மிதிக்கு ஒரு தடவை மட்டத்தைப் பாருங்கள், அடி தெரிந்து காற்று இழுத்துவிட்டால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஸ்லேவ் சிலிண்டரைக் கழற்றி வைத்திருக்கும்போது யாரையும் பெடலைத் தொட விடாதீர்கள். பிஸ்டன் வெளியே வந்து விழும்.

இன்னொன்று, நிப்பிள் சிலிண்டரின் மிக உயரமான இடத்தில் இருந்தால்தான் காற்று அதன் வழியே வரும். கார் எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

வேலை முடிந்ததும் நிப்பிளின் ரப்பர் மூடியை மாட்டுங்கள். கசிவைத் தடுக்காத இத்தனூண்டு மூடிக்கு என்ன அவசரம் என்று பலர் விட்டுவிடுகிறார்கள். இங்கே ஜூன் முதல் அக்டோபர் வரை மழைத் தண்ணீரும் சேறும் அந்தத் துளையில்தான் போய் உட்காரும், அடுத்த தடவை திறக்கும்போது நிப்பிள் துருவில் இறுகிப் போயிருக்கும். பழைய மூடி வெடித்திருந்தால் ஜேசி ரோட்டிலேயே நிப்பிளோடு கேட்டு வாங்கிவிடுங்கள். நான் இரண்டு வாங்கினேன், ஒன்று கார் டேஷ்போர்டுக்குள் இருக்கிறது.