சிசி அப்புறம், முதலில் சென்டிமீட்டர்: இயல்பாகத் தெரியும்படி மார்பக இம்ப்ளான்ட் தேர்வு செய்வது எப்படி

நான் முதலில் போய்ப் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "எத்தனை சிசி வைக்கலாம்னு இருக்கீங்க?" இம்ப்ளான்ட் என்பது மார்பைப் பெரிதாக்க உள்ளே வைக்கிற சிலிக்கான் ஜெல் பை, சிசி அதன் கொள்ளளவு, ஒரு சிசி என்றால் ஒரு மில்லி. அதெல்லாம் அப்போது எனக்கு என்ன தெரியும். போனில் சேர்த்து வைத்திருந்த யாரோ ஒருத்தியின் படத்தைக் காட்டி, இவங்களுக்கு 350 போட்டிருக்கு, எனக்கும் அதையே வையுங்க என்றேன். அவரும் தலையாட்டி எழுதிக்கொண்டார். பத்து நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். அந்த அறையில் யாருமே டேப்பைக் கையில் எடுக்கவில்லை என்பது வீட்டுக்கு வந்து சோறு போட்டு உட்கார்ந்த பிறகுதான் உறைத்தது. எங்கள் தெரு டெய்லர் அறுபது ரூபாய் லைனிங் துணியை வெட்டவே அளவு ப்ளவுஸ் கேட்கிறார், நானோ அடுத்த வீட்டுக்காரியின் அளவு ப்ளவுஸைக் கொடுத்து என் உடம்புக்குத் தைக்கச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

இரண்டாவதாகப் பார்த்தவர் அரை மணி நேரம் அளந்தார். அகலம், தோலின் தளர்வு, கிள்ளிப் பார்த்தால் வரும் தடிமன், இரண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் எல்லாம் குறித்துக்கொண்டு, 350 உங்கள் நெஞ்சில் உட்காராது, அக்குள் பக்கம் பிதுங்கும் என்றார். கடைசியில் வைத்தது 275. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்து, எடையும் குறைந்து, மேல்பக்கம் வற்றிப்போயிருந்த மார்பு எனக்கு. மூன்று வருஷம் ஆகிவிட்டது, கோயம்புத்தூரில் என் மாமியாருக்கே இன்னும் தெரியாது. கண்டுபிடித்த ஒரே ஆள் அந்த டெய்லர் பெண்தான்: "என்னங்கக்கா, அளவு மாறிப்போச்சுங்களே?"

நான் டாக்டர் இல்லை. நாற்காலியில் உட்காரும் முன் என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இயல்பு என்றால் என்ன

கண்ணாடி முன் பக்கவாட்டில் நில்லுங்கள். இயல்பான மார்பகம் பந்து மாதிரி இருக்காது. மேல்பாதி நேராகவோ லேசான சரிவாகவோ இறங்கி வரும், கனம் கீழ்ப்பாதியில் இருக்கும், காம்பு கொஞ்சம் மேல்நோக்கி இருக்கும். லண்டனில் பேட்ரிக் மலூச்சி என்ற பிளாஸ்டிக் சர்ஜன் இதை அளந்தே பார்த்தார்: காம்புக்கு மேலே 45 பங்கு, கீழே 55 பங்கு. 2014இல் 1,300 பேருக்கும் மேல் படங்களைக் காட்டிக் கேட்டபோதும் பெரும்பாலானோர் தேர்ந்தெடுத்தது இந்த விகிதத்தைத்தான். "இம்ப்ளான்ட் வைத்திருக்கிறாள்" என்று பார்த்தவுடன் தெரிகிற மார்பில் பெரும்பாலும் இந்தக் கணக்கு தலைகீழாகியிருக்கும், மேல்பக்கம் கிண்ணத்தைக் கவிழ்த்தாற்போல் புடைத்து நிற்கும். அதனால் டாக்டரிடம் "நேச்சுரலா வேணும்" என்று மட்டும் சொன்னால் போதாது, அந்தச் சொல்லுக்கு ஆளுக்கொரு அர்த்தம். "மேலே சரிவாக இருக்கணும், புடைப்பு வேண்டாம்" என்று சொல்லுங்கள்.

அகலம், கிள்ளல்

முதல் அளவு மார்பகத்தின் அடி அகலம். நடு நெஞ்செலும்புப் பக்கம் மார்பகம் தொடங்கும் இடத்திலிருந்து அக்குள் பக்கம் முடியும் இடம் வரை, வளைவின் மேல் டேப்பைப் படிய வைக்காமல் நேர்க்கோட்டில். க்ளினிக்கில் இதற்குக் கவைபோன்ற ஒரு அளவுகோல் வைத்திருப்பார்கள். வீட்டில் இரண்டு ஸ்கேலை நட்டு வைத்துக் குத்துமதிப்பாகப் பார்க்கலாம், ஆனால் அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். இம்ப்ளான்ட்டின் விட்டம் இந்த அகலத்துக்குள் அடங்க வேண்டும். அதிலும் உங்கள் சொந்தச் சதையின் தடிமனைக் கழிக்க வேண்டும். உங்கள் அகலம் 12.5 செ.மீ. என்றால் இம்ப்ளான்ட் சுமாராக 11.5 செ.மீ. பக்கம் வரும். இதைத் தாண்டினால் ஓரம் கைக்குத் தட்டுப்படும், பக்கவாட்டில் பிதுங்கும், இல்லையென்றால் நடுவில் இரண்டும் நெருங்கி ஒட்டிக்கொள்ளும்.

அந்த ஒட்டிக்கொள்வதைப் பற்றி ஒரு வார்த்தை. நடுவில் இடைவெளி அதிகமாக இருக்கிறது, கிட்டக் கொண்டு வாருங்கள் என்று கேட்கிறவர்கள் நிறைய. அந்த இடைவெளி உங்கள் எலும்பும் தசையும் போட்டது. அதை மூட உள்பக்கத் தசையை அதிகமாக அறுத்துவிட்டால் இம்ப்ளான்ட் உட்கார உள்ளே உண்டாக்கிய இரண்டு இடமும் ஒன்றாகிவிடும், அப்புறம் சரிசெய்வது பெரும்பாடு. பிராவை வைத்துச் சமாளிக்க வேண்டிய விஷயம் அது.

இரண்டாவது, கிள்ளல் சோதனை. மார்பகத்தின் மேல்பகுதியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்தால் எவ்வளவு தடிமன் வருகிறது என்று பார்ப்பார்கள். 2 செ.மீ.க்குக் குறைவு என்றால் இம்ப்ளான்ட்டை மூடி மறைக்க உங்களிடம் போதுமான சதை இல்லை என்று அர்த்தம், தசைக்கு அடியில் வைக்கச் சொல்வார்கள். எனக்கு ஒன்றரைகூட வரவில்லை.

எங்கே வைப்பது

முடிவு தெரிவது சைஸைவிட இதில்தான் என்பது என் கருத்து, ஆனால் ஆலோசனை நேரத்தில் இதைத்தான் அவசரமாகக் கடந்துவிடுகிறார்கள். வணக்கம் சொல்வதுபோல் இரண்டு உள்ளங்கையையும் சேர்த்து நெஞ்சுக்கு நேரே வைத்து அழுத்திப் பாருங்கள். மார்பின் மேலே இறுகுகிறதே, அதுதான் விஷயத்துக்கு நடுவில் இருக்கும் தசை. இம்ப்ளான்ட் அதற்கு மேலே போகலாம், கீழே போகலாம், பாதிக்குப் பாதியும் போகலாம்.

தசைக்கு மேலே, அதாவது மார்பகச் சுரப்பிக்கு நேர் அடியில் வைத்தால் வலி குறைவு, சீக்கிரம் எழுந்து நடமாடலாம், கையை அழுத்தினாலும் மார்பு அசையாது. ஓரளவு சதைப்பிடிப்பான உடம்புக்கு, கிள்ளினால் தாராளமாக வருகிறவர்களுக்கு இது நன்றாகவே இருக்கும். ஒல்லியானவர்களுக்கு வைத்தால்தான் சிக்கல்: மேல் ஓரம் கோடு போட்டாற்போல் தெரியும், குனிந்தால் தோலில் அலை அலையாகச் சுருக்கம் விழும். இம்ப்ளான்ட்டைச் சுற்றி உடம்பு இயல்பாகவே போடும் உறை இறுகிக் கல்லாகிப்போகும் ஆபத்தும் இந்த இடத்தில் கொஞ்சம் கூடுதல். மார்பகப் புற்றுநோயைக் கண்டறிய மேமோகிராம் என்ற எக்ஸ்ரே எடுக்கும்போதும் சுரப்பியை மறைக்கும். இதிலேயே தசையின் மேலுறைக்கு அடியில் வைக்கிற ஒரு வகையும் உண்டு, கொஞ்சம் கூடுதல் மறைப்பு கிடைக்கும்.

தசைக்குக் கீழே வைத்தால் மேல்பக்கம் தசை போர்வையாகக் கிடந்து ஓரத்தை மறைத்துவிடும், நான் மேலே சொன்ன அந்தச் சரிவு தானாக வரும். ஆனால் இலவசமாக வராது. முதல் வாரம் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல் இருந்தது எனக்கு. அப்புறம் நிரந்தரமாக ஒன்று: கையை ஊன்றித் தள்ளும்போது, சப்பாத்தி மாவை அழுத்திப் பிசையும்போதுகூட, மார்பு லேசாக மேலே இழுபட்டுப் பக்கவாட்டில் விலகும். எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. நீங்கள் ஜிம்மில் எடை தூக்குகிறவர், நீச்சல் அடிக்கிறவர், களரி பழகுகிறவர் என்றால் இதைக் கட்டாயம் முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

இரண்டுக்கும் நடுவில் உள்ளதுதான் டூயல் பிளேன். அமெரிக்க சர்ஜன் ஜான் டெபெட்ஸ் 2001இல் எழுதி வைத்த முறை. இம்ப்ளான்ட்டின் மேல்பாகம் தசைக்கு அடியில் இருக்கும், கீழே தசையின் பிடியை விடுவித்துவிடுவதால் கீழ்ப்பாகம் சுரப்பியோடு நேராக ஒட்டி விரிந்து உட்காரும். மேலே மறைப்பு, கீழே நிறைவு. பால் கொடுத்துக் கொஞ்சம் தளர்ந்த மார்புக்கு முழுவதும் தசைக்கடியில் வைத்தால் இம்ப்ளான்ட் மேலேயே நின்றுவிடும், தளர்ந்த சதை அதன்மேல் வழிந்து தனியாகத் தொங்கும். பார்க்கச் சகிக்காது. டூயல் பிளேனில் அது குறையும். எனக்குச் செய்தது இதுதான், என் உடம்புவாகு உள்ளவர்களுக்கு இதையே முதலில் கேட்டுப் பார்க்கச் சொல்வேன்.

ரொம்பவே தொங்கியிருக்கிறதா? மார்புக்கு அடியில் உள்ள மடிப்புக் கோட்டுக்குக் கீழே காம்பு இறங்கியிருந்தால் எந்த இடத்தில் எந்த இம்ப்ளான்ட் வைத்தாலும் தூக்கிக் கொடுக்காது. தோலைக் குறைத்து ஏற்றித் தைக்கிற லிஃப்ட் ஆபரேஷன் தனியாகவோ சேர்த்தோ தேவைப்படும். பெரிதாக வைத்தால் தூக்கிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், கனம் கூடிச் சீக்கிரம் இன்னும் இறங்கும்.

இப்போது சிசி

அகலம் முடிவான பிறகு மிச்சம் இருப்பது முன்புடைப்பு. ஒரே 11.5 செ.மீ. விட்டத்தில் தட்டையானது, நடுத்தரம், உயரமானது என்று பல வகை உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி மாறினாலும் சுமாராக 225 சிசியிலிருந்து 325 வரை அதே அகலத்துக்குள் கிடைக்கும். ஆக உங்கள் பேச்சுவார்த்தை அந்த நூறு சிசிக்குள்தான், 500 எல்லாம் கணக்கிலேயே வராது. இயல்பாக வேண்டும் என்றால் நடுத்தரப் புடைப்பு பாதுகாப்பானது. உயரமான வகை, குறுகிய நெஞ்சில் அளவு வேண்டும் என்கிறவர்களுக்கு, அதையும் தோல் தாங்க வேண்டும். காம்பிலிருந்து அடி மடிப்பு வரை தோலை இழுத்து அளப்பது இதற்காகத்தான்: 250 சிசிக்குச் சுமார் 7 செ.மீ., 300க்கு 8 செ.மீ. தோல் வேண்டும் என்பது டெபெட்ஸ் கணக்கு.

கப் சைஸில் பேசாதீர்கள். ஒரு கம்பெனியின் சி இன்னொரு கம்பெனியின் டி. ஒரு கப் ஏற 150இலிருந்து 200 சிசி வரை ஆகும் என்று தோராயமாகச் சொல்வார்கள், அதுவும் உடம்பின் அகலத்தைப் பொறுத்தது. நெஞ்சு விரிந்த பெண்ணுக்கு 300 சிசி இருக்கும் இடமே தெரியாது, சின்ன உடம்பில் அதே 300 முதலில் கண்ணில் படும். அதனால்தான் அடுத்தவள் படம் உதவாது. படம் பார்த்தே தீருவேன் என்றால் உங்கள் உயரம், எடை, அடி அகலம் உள்ளவர்களுடைய படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

வீட்டில் செய்து பார்க்க ஒரு வழி இருக்கிறது, எனக்கு ரொம்ப உதவியது. 250, 300 மில்லி என்று அளவுக் குவளையில் அரிசியை அளந்து, பழைய மெல்லிய சாக்ஸில் கொட்டி முடிச்சுப் போட்டு, தட்டையாக்கி, பேடு இல்லாத ஸ்போர்ட்ஸ் பிராவுக்குள் வைத்துக்கொண்டு ஒரு நாள் முழுக்க வேலை பாருங்கள். சமையல், மாடிப்படி, ஸ்கூட்டர், எல்லாம். கண்ணாடியில் பார்க்கும்போது இன்னும் கொஞ்சம் வைக்கலாமே என்று தோன்றும், சாயங்காலம் தோள் சொல்லும் கதை வேறு. 300 சிசி ஜெல் ஒன்று கிட்டத்தட்ட 300 கிராம், இரண்டும் சேர்ந்து அரைக் கிலோவுக்கு மேல், அதை இறக்கி வைக்க முடியாது. அரிசி வெளியே இருக்கிறது, இம்ப்ளான்ட் உள்ளே தசையின் அழுத்தத்தில் இருக்கும் என்பதால் தோற்றம் அப்படியே வராது, ஒரு அந்தாஜுக்குத்தான்.

வட்டமா, துளி வடிவமா

இயல்பு என்றாலே துளி வடிவம்தான் என்று ஒரு நினைப்பு உண்டு. அப்படி இல்லை. மென்மையான ஜெல் உள்ள வட்ட இம்ப்ளான்ட்டும் நிமிர்ந்து நிற்கும்போது கனம் கீழே இறங்கித் துளி மாதிரிதான் தெரியும். துளி வடிவத்துக்கு உள்ளே சுழன்றுவிடும் ஆபத்து இருக்கிறது, வட்டம் சுழன்றால் யாருக்கும் தெரியாது. சுழலாமல் பிடித்துக்கொள்ளத் துளி வகைக்குச் சொரசொரப்பான மேற்பரப்பு கொடுப்பார்கள், அந்தச் சொரசொரப்பு வகையோடு தொடர்புடைய ஒரு அரிய நிணநீர்ப் புற்றுநோய் கண்டறியப்பட்டு, 2019 ஜூலையில் அலர்கன் கம்பெனி தன் பயோசெல் வகையை உலகம் முழுக்கத் திரும்பப் பெற்றது. வழவழப்பான வட்டம் கேளுங்கள். சொரசொரப்புதான் வைக்கப் போகிறார்கள் என்றால் ஏன் என்று கேட்காமல் விடாதீர்கள்.

தழும்பு எங்கே என்பதில் நான் அதிகம் யோசிக்கவில்லை. மார்புக்கு அடி மடிப்பில் போட்டால் சர்ஜனுக்கு நன்றாகத் தெரியும், புடவை கட்டினாலும் நைட்டி போட்டாலும் வெளியே தெரியாது. இனிமேல் குழந்தை பெற்றுப் பால் கொடுக்கும் எண்ணம் இருந்தால் காம்பைச் சுற்றி வெட்டுவதைத் தவிர்ப்பது நல்லது, பால் குழாய்கள் அடிபடலாம். கர்ப்பத்தில் மார்பு எப்படியும் மாறும், முடிந்தால் அதுவரை தள்ளிப் போடுங்கள்.

யாரிடம், அப்புறம் என்ன

எம்.சிஎச். அல்லது டி.என்.பி. பிளாஸ்டிக் சர்ஜரி படித்தவரா என்று பாருங்கள். "காஸ்மெட்டிக் நிபுணர்" என்று போர்டு மாட்டுவது பட்டம் ஆகாது. பணம் இருப்பவர்களுக்கு மட்டும் என்றும் இல்லை: 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பகத்தைப் பெரிதாக்கவும் குறைக்கவும் இலவச அறுவை சிகிச்சை தொடங்கினார்கள், வரிப்பணத்தில் இது தேவையா என்று அப்போது சண்டையும் நடந்தது. உடம்பை நினைத்துக் கூனிக் குறுகி நடக்கிற ஒரு பெண்ணைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்த அன்று அழாதீர்கள். மேலே ஏறி, இறுகி, பளபளவென்று வீங்கி, நான் வேண்டாம் என்று சொன்ன அந்தக் கவிழ்த்த கிண்ணம்தான் தெரியும். தசை தளர்ந்து இம்ப்ளான்ட் தன் இடத்தில் இறங்கி உட்கார மூன்று மாதம், சிலருக்கு ஆறு மாதம் ஆகும். அதுவரை நல்ல பிராவும் வாங்க வேண்டாம், ப்ளவுஸும் தைக்கக் கொடுக்க வேண்டாம். தண்ணீர்க் குடம், கேஸ் சிலிண்டர், இடுப்பில் பிள்ளை என்று கனமான எதையும் ஆறு வாரம் தூக்கக் கூடாது, வீட்டில் ஆள் ஏற்பாடு செய்துவிட்டுத் தேதி வாங்குங்கள்.

இது ஆயுளுக்கும் வருகிற பொருள் இல்லை, என்றாவது ஒரு நாள் மாற்றவோ எடுக்கவோ வேண்டியிருக்கும். சிலிக்கான் உள்ளே கிழிந்தாலும் வெளியே தெரியாமலே இருக்கலாம் என்பதால் ஐந்தாறு வருஷத்தில் ஒரு அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ, அப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ சொல்கிறது. செலவுக் கணக்கில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் ஆகும்போது கம்பெனி பெயர், சீரியல் எண், சிசி எல்லாம் போட்ட ஒரு அட்டை தருவார்கள், தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். வாங்கியதும் போட்டோ எடுத்து உங்கள் மெயிலுக்கே அனுப்பி வையுங்கள். என் அட்டை ரேஷன் கார்டு உறைக்குள் இருக்கிறது.