பனிக்காலத்தில் கொயோட்டிக்குக் கால்பொறி: வாங்கும்போதே நடந்துவிடும் தவறுகள்

வட அமெரிக்காவின் புல்வெளிப் பகுதிகளில் நவம்பர் கடைசியில், நரி போன்ற காட்டு விலங்கான கொயோட்டியின் ரோமம் முழுதாக அடர்ந்துவிடும். தோலுக்காகப் பொறி வைப்பவர்களுக்கு அதுதான் பருவம். தரையும் அப்போதுதான் உறையத் தொடங்கும். அக்டோபரில் மண்ணில் மறைத்துப் புதைத்து ஒழுங்காக வேலை செய்த பொறி டிசம்பரில் மண்ணோடு மண்ணாக இறுகிக் கிடக்கும். கொயோட்டி அதன் மேலேயே மிதித்துப் போன தடம் தெரியும், பொறி மட்டும் அசைந்திருக்காது. உடனே பலரும் கடைக்குப் போய் இன்னும் பெரிய, இன்னும் வலுவான பொறியை வாங்குகிறார்கள். பனிக்காலத் தவறுகள் பெரும்பாலும் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கின்றன.

கொயோட்டி நம் ஊர் நரியைவிடச் சற்றுப் பெரிய விலங்கு. பெரும்பாலும் 10 முதல் 20 கிலோ எடைக்குள் இருக்கும். கிழக்கிலும் வடக்கிலும் வாழ்பவை கூடுதல் கனம். அதன் முன்பாதம் சுமார் இரண்டரை அங்குல நீளம். பாதத்தைக் கவ்விப் பிடிக்கும் இரண்டு இரும்பு வளைவுகள்தான் பொறியின் தாடை. கொயோட்டிக்குத் தாடை விரிவு சுமார் 5 முதல் 6½ அங்குலம் உள்ள பொறி போதும். அதைவிடச் சிறியதை வைத்தால் விரல்கள் மட்டும் சிக்கும். விலங்கு இழுத்துக்கொண்டு போய்விடும், இல்லாவிட்டால் பாதம் காயப்படும். பெரியதை வைத்தால் வேறு தொல்லை. தாடை பெரிதானால் அது மூடும்போது தூக்கித் தள்ள வேண்டிய மண்ணும் கூடும், உறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டிய குழியும் பெரிதாகும். பனிக்காலத்தில் அரை அங்குலம் கூடினாலும் வேலை கூடிவிடும்.

பொறியின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணை நம்பி வாங்குவதும் தவறு. 1½, 1¾, 2, 3 என்ற எண்கள் பழைய காலத்திலிருந்து வருபவை. எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான அளவு என்று எதுவும் இல்லை. ஒருவரின் 2 இன்னொருவரின் 3க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். எம்பி-550 போன்ற பொறிகளுக்கு அந்த எண் வரிசையே கிடையாது. டேப்பை எடுத்துத் தாடையின் உள்விரிவை அளந்து பார்த்து வாங்குங்கள்.

சரி, வலுவுக்கு வருவோம். உறைந்த மேல்மண்ணை உடைத்துக்கொண்டு தாடை எழ வேண்டுமென்றால் ஸ்பிரிங்கில் பலம் வேண்டும், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் இரண்டு சுருள் ஸ்பிரிங் உள்ள பொறியில் இன்னும் இரண்டைச் சேர்த்து நான்காக்கும் வழக்கம் வந்தது. ஆனால் ஸ்பிரிங்கை மட்டும் கூட்டிவிட்டுத் தாடையை மெல்லிய விளிம்போடு அப்படியே விடுகிறார்களே, அது பெரிய தவறு. அவ்வளவு விசையும் ஒரு மெல்லிய கோட்டில் போய் இறங்கும். ஸ்பிரிங்கைக் கூட்டினால் தாடையின் அகலத்தையும் கூட்டியாக வேண்டும். தாடை ஓரத்தில் கூடுதல் கம்பியைப் பற்றவைத்து விளிம்பைத் தடிமனாக்குவது லேமினேஷன். இரண்டு தாடையும் முழுதாக ஒட்டாமல் கால் அங்குலம் போல இடைவெளி விட்டு நிற்பது ஆஃப்செட். பனிக்காலத்தில் இரண்டும் சேர்ந்த பொறியே சரியான தேர்வு. அழுத்தம் பரவலாக விழும், இடைவெளி வழியே கொஞ்சமாவது ரத்தம் ஓடும். பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரியில் ரத்தம் போகாத பாதம் சீக்கிரமே உறைந்துவிடும். உறைந்த பாதத்தில் உணர்வு இருக்காது, அதன்பின் விலங்கு தன் காலையே கடிக்கத் தொடங்கலாம். வெயில்காலத்தில் லேசான வீக்கத்தோடு போகக்கூடிய ஒன்று இங்கே காலையே இழக்க வைக்கும். பொறி வைக்கிறவர் அந்த விலங்குக்குப் பட்டிருக்கும் கடன் இது. இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது.

ரப்பர் பட்டை பதித்த விக்டர் சாஃப்ட் கேட்ச் மாதிரியான பொறிகள் பாதத்துக்கு மென்மையானவை. பனிக்காலத்தில் அவற்றுக்கும் நான்கு ஸ்பிரிங் போட்டுத்தான் பலர் பயன்படுத்துகிறார்கள். தேய்ந்த ரப்பரைப் பருவம் தொடங்கும் முன் மாற்றிவிட வேண்டும்.

இந்த மாற்றங்களுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. 1991-இல் ஐரோப்பிய சமூகம் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்) கால்பொறிகளை உறுப்பு நாடுகளில் தடை செய்யும் விதியைக் கொண்டுவந்தது. தடை 1995-இல் நடைமுறைக்கு வந்தது. கால்பொறி பயன்படுத்தும் நாடுகளிலிருந்து தோல் வாங்குவதற்கும் அந்த விதி கட்டுப்பாடு சொன்னது. அதன் அழுத்தத்தில் அமெரிக்க மாநிலங்களின் வனவிலங்குத் துறைகள் கூட்டாகப் பொறிகளைச் சோதித்து, எந்த விலங்குக்கு எந்தப் பொறி என்று வழிகாட்டி வெளியிடத் தொடங்கின. காயம், பிடிக்கும் திறன், வேறு விலங்கு சிக்காமல் இருப்பது, நடைமுறை வசதி, மனிதருக்கான பாதுகாப்பு என ஐந்து அளவுகோல்கள் அதில் உண்டு. கனடா, விலங்குக்கு வதை குறைந்த பொறிகளுக்கான சர்வதேச ஒப்பந்தத்தின் கீழ் பொறிகளுக்குச் சான்றளிக்கிறது. ஆல்பர்ட்டாவின் வெக்ரவில் ஊரில் அதற்கான சோதனைக்கூடம் இருக்கிறது. இவ்வளவு சோதனை முடிவுகள் இலவசமாகக் கிடைக்கும்போது, அவற்றைப் பார்க்காமல் விலைப்பட்டியலை மட்டும் பார்த்து டஜன் கணக்கில் பொறி வாங்குவதில் அர்த்தமில்லை.

அடுத்து மிதிதட்டு, அதாவது விலங்கு மிதித்ததும் தாடையை மூட வைக்கும் தட்டு. வாங்கும்போது இதை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை. எவ்வளவு எடை விழுந்தால் தட்டு இறங்க வேண்டும் என்பதைத் திருகி மாற்றும் வசதி உள்ள பொறியே கொயோட்டிக்கு ஏற்றது. பொதுவாக 2 முதல் 4 பவுண்டு, அதாவது ஒன்றிலிருந்து இரண்டு கிலோவுக்குள் வைப்பார்கள். நரி, ஸ்கங்க் போன்ற சிறிய விலங்குகள் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். குளிரில் மண் இறுகி எதிர்ப்புக் கூடும் என்று நினைத்துத் தட்டை மிக லேசாக விட்டுவிடுகிறார்கள். பகலில் பனி உருகி மண் தளர்ந்ததும் எலி ஓடினாலும் பொறி விழுந்துவிடும். தட்டின் அழுத்தத்தை அதன் இடத்திலேயே விட்டுவிட்டு, தட்டுக்கு அடியில் மண் புகாமல் பஞ்சோ நுரைத்துண்டோ வைத்து, மேலே மெழுகுத்தாள் மூடுவதே முறை. தட்டுக்கடியில் ஒருமுறை ஈரமண் புகுந்து உறைந்துவிட்டால் எவ்வளவு விலை கொடுத்த பொறியும் வெறும் இரும்புதான்.

மண்ணைப் பற்றி யோசிக்காமல் பொறியைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. காய்ந்த சலித்த மண்ணையோ, பாரஃபின் மெழுகைச் சூடாக்கிக் கலந்த மெழுகுமண்ணையோ போதுமான அளவு வைத்திருப்பவருக்குச் சாதாரண ஸ்பிரிங்கே போதும். மெழுகுமண் தண்ணீரை உள்ளே விடாது, அதனால் கட்டி தட்டாது. சலித்த மண்ணைக் கோடையிலேயே சேர்த்து உலர்ந்த இடத்தில் வைப்பது வழக்கம். பீட் பாசி லேசானது, ஈரமானால் மட்டும் உறையும். ஆனால் சுற்றியுள்ள மண்ணின் வாசனையிலிருந்து அது வேறுபடுவதால் சில கொயோட்டிகள் அதைத் தோண்டிப் பார்க்கும். சமையல் உப்பு பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரியைத் தாண்டினால் பெரிதாக உதவாது. கால்சியம் குளோரைடு கடும் குளிரிலும் வேலை செய்யும். ஆனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், இரும்பையும் தின்றுவிடும். உப்பு வகைகளை நம்புகிறவர் பொறியை மெழுகில் முக்கி எடுத்தாக வேண்டும், பருவம் முடிந்ததும் கழுவியாக வேண்டும். கார் ரேடியேட்டரில் ஊற்றும் ஆன்டிஃப்ரீஸை மட்டும் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் இனிக்கும், நக்கும் நாயைக் கொன்றுவிடும்.

மெழுகில் முக்கும்போது இன்னொன்று. மிதிதட்டின் வெட்டிலும் அதைப் பிடித்திருக்கும் கொக்கியிலும் மெழுகு படிந்தால் வழுக்கும், கை வைத்திருக்கும்போதே பொறி மூடிக்கொள்ளும். அந்த இரண்டு இடங்களையும் சுரண்டிவிடுங்கள்.

பொறியை நன்றாகப் பார்த்து வாங்கிவிட்டுச் சங்கிலியில் கோட்டை விடுபவர்களும் உண்டு. சங்கிலி பொறியின் அடித்தகட்டு நடுவிலிருந்து புறப்பட வேண்டும். அப்போதுதான் விலங்கு எந்தப் பக்கம் இழுத்தாலும் இழுவை நேராக வரும். சுழலும் இணைப்புகள் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று இருக்கட்டும். குளிரில் ஒன்று பனியடைத்து நின்றுவிட்டாலும் மற்றது சுழலும். எதுவுமே சுழலாவிட்டால் முறுக்கு முழுவதும் காலில் இறங்கும். சங்கிலி நடுவே அதிர்ச்சி தாங்கும் ஒரு ஸ்பிரிங் இருந்தால் இன்னும் நல்லது.

அப்புறம் முளை. இறுகிய தரையில் மாட்டுக்கு முளை அடித்தவர்களுக்கு இந்தச் சிரமம் புரியும்: உறைந்த மண்ணில் இரும்பு முளையை இறக்குவதைவிடப் பிடுங்குவது கஷ்டம். அதனால் இடங்களை முன்கூட்டியே முடிவு செய்து, தரை உறைவதற்கு முன் இலையுதிர் காலத்திலேயே முளை அடித்து வைத்துவிட வேண்டும். புதர் நிறைந்த இடமென்றால் முளைக்குப் பதில் நீளச் சங்கிலியோடு இழுவைக் கொக்கியைப் பயன்படுத்தலாம். விலங்கு கொஞ்ச தூரம் போய்ப் புதரில் மாட்டி நிற்கும், அங்கே காற்றிலிருந்து மறைவும் கிடைக்கும். திறந்த புல்வெளியில் அதே கொக்கி எதிலும் மாட்டாது. காயத்தோடு பொறியை இழுத்துக்கொண்டு போன விலங்கைத் தேடிப் பிடிக்க முடியாமல் போகலாம்.

சட்டத்தைப் பார்க்காமல் வாங்குவதும் அடிக்கடி நடக்கிறது. கலிஃபோர்னியா, கொலராடோ, மாசசூசெட்ஸ், வாஷிங்டன் மாநிலங்கள் 1990களிலும் 2000-இலும் வாக்கெடுப்பு மூலம் கால்பொறிகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தின. நியூ மெக்சிகோ 2022 ஏப்ரலிலிருந்து பொதுநிலங்களில் பொறி வைப்பதைத் தடுத்தது. அமெரிக்கச் சட்டம் பாதுகாக்கும் கனடா லின்க்ஸ் என்ற காட்டுப்பூனை திரியும் பகுதிகளில் தாடை அளவுக்கும் வைக்கும் முறைக்கும் தனி விதிகள் இருக்கலாம். எத்தனை மணி நேரத்துக்குள் பொறியைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். விதி எவ்வளவு தளர்வாக இருந்தாலும் உறைபனியில் தினமும் போய்ப் பார்ப்பதுதான் நியாயம். தினமும் சுற்றிவர முடிகிற எண்ணிக்கைக்கு மேல் பொறி வாங்க வேண்டாம். இந்தியாவில் இருந்து படிப்பவர்களுக்கு ஒன்று: 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் பொறி வைப்பதும் அடங்கும். நரிக்குப் பொறி வைத்துப் பார்க்க இங்கே யாருக்கும் உரிமை இல்லை.

தோல் விலையை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் சந்தையையும் பார்க்க வேண்டும். கோட்டுத் தொப்பி ஓரத்துக்குக் கொயோட்டி ரோமம் வாங்கிவந்த கனடா கூஸ் நிறுவனம், 2021 முடிவோடு ரோமம் வாங்குவதை நிறுத்தப்போவதாக அந்த ஆண்டே அறிவித்தது.

மொத்தமாக வாங்கும் முன் ஒரே ஒரு பொறியை வாங்குங்கள். நீங்கள் பயன்படுத்தப்போகும் அதே மண்ணில் வீட்டு முற்றத்தில் புதைத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, உறைபனி விழும் ஓர் இரவு விட்டுவிடுங்கள். நாயோ குழந்தையோ வராதபடி அடைத்து வையுங்கள். காலையில் நீளமான குச்சியால் மிதிதட்டை அழுத்துங்கள். தட்டே இறங்கவில்லையென்றால் அதற்கு அடியில் ஈரம் புகுந்திருக்கிறது. தட்டு இறங்கியும் தாடை பாதியில் நின்றால் குறை மேல்மண்ணில். மண் உதிரியாக இருந்தும் தாடை மெதுவாக எழுந்தால் மட்டுமே ஸ்பிரிங்கை மாற்ற யோசிக்க வேண்டும்.