குறைந்த செலவில் தெற்கு லாவோஸ்: முதல் பயணத்தை நீங்களே திட்டமிடும் வழி

லாவோஸ் வரைபடத்தை விரித்து, தெற்கே வால்போல் நீளும் பகுதியை மட்டும் பாருங்கள். மீகாங் ஆற்றின் கரையில் பாக்சே என்ற ஊர். அதற்குக் கீழே சம்பாசக். இன்னும் கீழே, ஆறு பல கிளைகளாகப் பிரிந்து தீவுக்கூட்டமாகும் இடம் சீ பான் தோன். அந்தப் பெயருக்கு 'நாலாயிரம் தீவுகள்' என்று பொருள். பாக்சேயிலிருந்து கம்போடிய எல்லை வரை ஏறக்குறைய 150 கி.மீ. முதல்முறை சொந்தமாகத் திட்டமிடுபவருக்கு இந்த நீளம் தாராளமாகப் போதும்.

புதிதாகக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பட்டியலைத்தான் காட்டுகிறார்கள்: பத்து நாளில் பாங்காக், லுவாங் பிரபாங், வியன்டியான், ஹனோய். பணம் கரைவது அங்கேதான். ஒவ்வொரு முறை ஊர் மாறும்போதும் அரை நாள் போகிறது. டிக்கெட், பஸ் நிலையத்துக்கு ஆட்டோ, வழியில் கிடைத்த சாப்பாடு, களைத்துப்போய் இறங்கிய நேரத்தில் சொன்ன விலைக்கு எடுத்த அறை என்று எல்லாம் சேர்ந்துகொள்கிறது. சிக்கனப் பயணத்துக்கு நான் வைத்திருக்கும் விதி ஒன்றுதான். நாட்டைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அதன் ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். அந்த மூலைக்குள் நுழையும் வழியையும் வெளியேறும் வழியையும் கெட்டியாக முடிவு செய்துவிட்டு, இடைப்பட்ட நாள்களைத் தளர்வாக விடுங்கள்.

முதல் படி: மாதம்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்ல காலம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் தாங்கும்படி இருக்கும். நவம்பரில் அருவிகளிலும் தண்ணீர் குறையாது. மார்ச், ஏப்ரலில் வெயில் கொளுத்தும். ஏப்ரல் நடுவில் வரும் 'பீ மாய்' அவர்களுடைய புத்தாண்டு. நம் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியே வருகிறது. தெருவெல்லாம் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்கள், பார்க்க அழகுதான். ஆனால் அந்த வாரம் கடைகள் மூடியிருக்கும், வண்டிகள் நிரம்பி வழியும். முதல் பயணத்துக்கு அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இரண்டாம் படி: விசாவும் தாள்களும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்கு லாவோஸ் இரண்டு வழிகளில் விசா தருகிறது. ஒன்று, எல்லையில் இறங்கியதும் பெறுவது. மற்றொன்று, இணையத்தில் முன்கூட்டியே பெறும் மின்விசா. 40 முதல் 50 டாலர் வரை ஒதுக்கிவையுங்கள். மின்விசாவுக்கு விண்ணப்பிக்கும்முன், நீங்கள் கடக்கப்போகும் எல்லை வாயில் அதை ஏற்கும் இடங்களின் பட்டியலில் இருக்கிறதா என்று அரசின் அதிகாரப்பூர்வத் தளத்தில் பாருங்கள். சில வாயில்களில் அது செல்லாது. தேடுபொறியில் முதலில் வரும் தளங்கள் பல இடைத்தரகர்களுடையவை. அவர்கள் கட்டணத்தைக் கூட்டி வாங்குகிறார்கள்.

போகும் வழி தாய்லாந்து என்பதால் அந்த நாட்டின் விதிகளும் உங்களுக்குத் தேவை. 2023 நவம்பரில் இந்தியர்களை விசா இல்லாமல் அனுமதிக்கத் தொடங்கினார்கள். இந்த விதியும் தங்கும் நாள் வரம்பும் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் அன்று ஒருமுறை சரிபாருங்கள். 2025 மே 1 முதல் தாய்லாந்துக்குள் நுழைகிற வெளிநாட்டவர் ஒவ்வொருவரும் மின்னணு வருகை அட்டையை நிரப்ப வேண்டும். வருகைக்கு முந்தைய மூன்று நாள்களுக்குள் நிரப்புவது அது, கட்டணம் கிடையாது. புதியவர்கள் கோட்டை விடும் இடம் இங்கேதான். நீங்கள் தாய்லாந்துக்குள் இருமுறை நுழைகிறீர்கள்: போகும்போது விமானத்தில், திரும்பும்போது தரைவழியாக. அட்டையையும் இருமுறை நிரப்ப வேண்டும்.

இன்னொரு செய்தியை அழுத்திச் சொல்ல வேண்டும். லாவோஸின் வடமேற்கில், பொக்கியோ மாகாணத்தில், தங்க முக்கோணம் என்ற சிறப்புப் பொருளாதார மண்டலம் இருக்கிறது. கணினி வேலை என்று ஆசைகாட்டி இந்திய இளைஞர்களை அங்கே கொண்டுபோய் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்தார்கள். வியன்டியானிலுள்ள நம் தூதரகம் நூற்றுக்கணக்கானவர்களை மீட்டிருக்கிறது. நீங்கள் போகும் தென்பகுதி அங்கிருந்து வெகு தொலைவு. ஆனாலும் தனியாகப் போகிற இளைஞரிடம் நம்மூர் விமான நிலையக் குடியேற்ற அதிகாரி கூடுதலாகக் கேள்வி கேட்கலாம். திரும்பும் டிக்கெட், முதல் இரண்டு இரவுகளுக்கான அறைப் பதிவு, நாள்வாரித் திட்டம் ஆகியவற்றை அச்செடுத்துக் கையில் வைத்திருங்கள். அங்கே வேலை வாங்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அத்தோடு நிறுத்திவிடுங்கள்.

மூன்றாம் படி: வழி

சென்னையிலிருந்து பாங்காக்குக்கு நேரடி விமானம் இருக்கிறது. பயணம் ஏறக்குறைய மூன்றரை மணி நேரம். பாங்காக்கில் அறை எடுக்க வேண்டாம். அங்குள்ள க்ருங் தெப் அபிவாட் ரயில் நிலையத்திலிருந்து இரவில், லாவோஸ் எல்லையை ஒட்டிய உபோன் ராட்சதானிக்குப் படுக்கை வசதி ரயில் புறப்படுகிறது. விடிகாலை ஆறு, ஏழு மணிக்குப் போய்ச் சேரும். ஓர் இரவின் அறை வாடகை மிச்சம். தாய்லாந்து ரயில்வேயின் சொந்தத் தளத்திலேயே முன்பதிவு செய்யலாம். கீழ்ப்படுக்கையைவிட மேல்படுக்கைக்கு விலை குறைவு. விமானம் தரையிறங்கும் நேரத்துக்கும் ரயில் கிளம்பும் நேரத்துக்கும் இடையே குறைந்தது ஆறு மணி நேரம் விடுங்கள்.

(உபோன் ராட்சதானி என்ற பெயரை மெல்லச் சொல்லிப் பாருங்கள். நம் இலக்கியத்தில் வரும் உற்பலம், அதாவது குவளைப்பூதான் அந்த உபோன். உற்பல ராஜதானி! ரயில் பலகையில் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.)

உபோன் பஸ் நிலையத்துக்குப் போய், பாக்சேக்கு நேரடிப் பன்னாட்டுப் பஸ் அன்றைக்கு இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் எல்லை ஊரான சாங் மெக் வரை வேன். அங்கே தரைக்குக் கீழே செல்லும் நடைபாதை வழியாக மறுபக்கம் போனால் லாவோஸின் வாங் தாவ். அங்கிருந்து பாக்சே ஏறக்குறைய 45 கி.மீ.; அதற்கும் வேன் கிடைக்கும். எல்லையில் விசா வாங்குகிறவராக இருந்தால், உங்களுக்குக் கூடுதல் நேரம் ஆகும் என்பதைப் பஸ் ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

நான்காம் படி: பணம்

விசாக் கட்டணத்துக்கான டாலரை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள், தாள் தாளாகப் பார்த்து வாங்குங்கள். நான் நீட்டிய ஐம்பது டாலர் தாளின் ஓரத்தில் கடுகளவு நீல மை இருந்தது. வாங்தாவ் சன்னலில் இருந்தவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், விரல் நுனியால் அந்தப் புள்ளியைத் தொட்டுக் காட்டினார், ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டார். என்னிடம் வேறு தாள்கள் இருந்ததால் தப்பித்தேன். கிழிசல், மடிப்பு, முத்திரை, மை எதுவும் இல்லாத தாள்களாகக் கேட்டு வாங்குங்கள். சிறு தாள்களாகவும் கொஞ்சம் இருக்கட்டும்.

லாவோஸ் நாணயம் கிப். நான் இதை எழுதும் நேரத்தில் ஒரு ரூபாய் ஏறக்குறைய 240, 250 கிப். மனக்கணக்குக்கு எளிய வழி: விலையில் கடைசி மூன்று பூஜ்யங்களை விட்டுவிட்டு, மிச்சத்தை நான்கால் பெருக்குங்கள். அறை 1,50,000 கிப் என்றால் 150 பெருக்கல் 4, அதாவது 600 ரூபாய். கிப்பின் மதிப்பு 2022க்குப் பிறகு வெகுவாகச் சரிந்துவிட்டதால் பழைய பயணக் குறிப்புகளில் இருக்கும் கிப் விலைகளை நம்ப வேண்டாம்.

இனி என் கணக்கு, ஒருவருக்கு, பதினொரு நாளைக்கு. முன்கூட்டியே எடுத்தால் போகவர விமானம் 18,000 ரூபாய். ரயிலும் எல்லை வேன்களும் 7,500. விசா 4,500. லாவோஸில் எட்டு நாள், நாளுக்கு 2,000 வீதம் 16,000. பயணக் காப்பீடு 1,000. மொத்தம் 47,000. இதற்குமேல் 8,000 ரூபாயைத் தொடாத பணமாக வையுங்கள். அது இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஐந்தாம் படி: நாள்களைப் பிரிப்பது

முதல் இரவு ரயிலில். அடுத்த இரண்டு இரவுகள் பாக்சே. அங்கிருந்து ஒரு நாள் பொலாவென் மேட்டுநிலத்துக்குப் போய்வாருங்கள். கடல்மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கு மேலே, குளிர்ந்த காற்றும் காபித் தோட்டங்களும். காபியைக் கொண்டுவந்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். தாட் ஃபேன் என்ற இரட்டை அருவி 120 மீட்டர் அளவுக்குக் காட்டுப் பள்ளத்தில் விழுகிறது.

பிறகு இரண்டு இரவுகள் சம்பாசக். பாக்சே சந்தை அருகிலிருந்து காலையில் 'சோங்தேவ்' கிளம்பும். சரக்கு வண்டியின் பின்புறம் எதிரெதிராக இரண்டு பெஞ்சுகள் போட்ட வாகனம் அது. கோழிக்கூடையும் அரிசி மூட்டையும் உங்களுடன் வரும். சம்பாசக்கில் தங்குவது வாட் பூ கோயிலுக்காக. 2001இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்த இடம். பின்னால் நிற்கும் பூ காவ் மலையின் உச்சியில் இயற்கையாகவே லிங்க வடிவில் ஒரு பாறை நிற்பதால், பழைய கெமர் (கம்போடியப் பேரரசு) கால மக்கள் அதை லிங்கபர்வதம் என்று வணங்கினார்கள். அதன் அடிவாரத்தில் எழுந்த சிவன் கோயில் இது. பின்னாளில் பௌத்தக் கோயிலாயிற்று. கருவறையில் இன்று இருப்பவர் புத்தர்.

காலையில் கதவு திறந்ததும் போய்விடுங்கள். இருபுறமும் ஈழத்தலரி மரங்கள் நிற்கும் செங்குத்தான படிக்கட்டில் ஏற வேண்டும். பூக்கள் படியெங்கும் உதிர்ந்து கிடக்கும்; கல் சீராக இல்லை, பிடிப்புள்ள செருப்பு அவசியம். மேலே கருவறைக்குப் பின்னால் பாறைச் சரிவின் அடியிலிருந்து ஊற்றுநீர் கசிகிறது. ஒரு காலத்தில் அந்த நீரைக் கல் வாய்க்கால் வழியாகக் கொண்டுவந்து லிங்கத்தின்மேல் ஓயாமல் விழச் செய்திருந்தார்கள். அருகிலுள்ள பாறையில் நடுவே சிவனும் இருபக்கமும் பிரம்மாவும் விஷ்ணுவும் புடைப்பாக நிற்கிறார்கள். நான் போனபோது ஒரு பாட்டி ஊற்றுநீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து, பேத்தியின் உச்சந்தலையில் மூன்று முறை தட்டினார். திருக்குற்றாலத்தில் என் ஆச்சி செய்ததும் அதேதான். இந்தியத் தொல்லியல் துறையும் இந்தக் கோயிலின் சீரமைப்பில் பங்கேற்றிருக்கிறது.

அடுத்த மூன்று இரவுகள் தீவில். நாகசாங் கரையிலிருந்து படகு. தோன் தெட் இளைஞர் கூட்டம் சேரும் தீவு. அமைதி வேண்டுமானால் பக்கத்திலிருக்கும் தோன் கோன். இரண்டையும் பழைய ரயில் பாலம் இணைக்கிறது. அருவிகளால் கப்பல் போக முடியாததால் பிரெஞ்சுக்காரர்கள் தீவின் குறுக்கே போட்ட ஏழு கிலோமீட்டர் ரயில் பாதையின் மிச்சம் அது. வாடகை சைக்கிளில் ஒரே நாளில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம். மற்ற இரண்டு நாள்களை ஆற்றைப் பார்த்தபடி கழியுங்கள். பழைய குறிப்புகள் ஆற்று ஓங்கில்களை (டால்பின்களை) பார்க்கப் படகு எடுக்கச் சொல்லும். லாவோஸ் பக்கத்தில் கடைசியாக இருந்த ஓங்கில் 2022இல் இறந்துவிட்டது. யாராவது ஆசைகாட்டினால் பணம் கொடுக்காதீர்கள்.

கடைசி இரவு மீண்டும் பாக்சே, மறுநாள் எல்லை, இரவு ரயில், பாங்காக், விமானம். சென்னை விமானத்தை மாலைக்குப் பிறகே எடுங்கள். ரயில் தாமதமானாலும் பிடித்துவிடலாம்.

அறைகளில் பாக்சேயின் முதல் இரண்டு இரவுகளை மட்டும் முன்பதிவு செய்தால் போதும். மற்ற இடங்களில் நேரில் பார்த்து, கொசுவலையும் மின்விசிறியும் சரியாக இருக்கின்றனவா என்று சோதித்து எடுங்கள். டிசம்பர் கடைசி வாரம் மட்டும் விதிவிலக்கு.

ஆறாம் படி: சாப்பாடு

அசைவர்களுக்குக் கவலையில்லை. சைவர்கள் கொஞ்சம் தயாராக வேண்டும். காய்கறிக் குழம்பிலும்கூட மீன்சாறு சேரும். அதற்குப் பெயர் 'நாம் பா'. 'பா தேக்' என்பது ஊறவைத்த மீன் கூழ். 'போ சாய் நாம் பா' என்றால் மீன்சாறு போடாதீர்கள்; 'போ சாய் சின்' என்றால் இறைச்சி போடாதீர்கள். இந்த இரண்டையும் லாவோ எழுத்தில் எழுதி வாங்கிப் பணப்பையில் வைத்திருங்கள். மூங்கில் கூடையில் வரும் ஒட்டரிசிச் சோறும் வாழைப்பழமும் எங்கும் கிடைக்கும். பருப்புப்பொடி ஒரு டப்பா எடுத்துப் போங்கள். சூடான ஒட்டரிசியோடு நன்றாகச் சேருகிறது.

ஏழாம் படி: உயிருக்கு ஆபத்தானவை

1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் இந்த நாட்டின்மீது இருபது லட்சம் டன்னுக்கு மேல் குண்டு போட்டன. வெடிக்காத கொத்துக்குண்டுகள் இன்னும் மண்ணில் கிடக்கின்றன. நடந்து தேய்ந்த பாதையை விட்டு விலகாதீர்கள், கீழே கிடக்கும் இரும்பைத் தொடாதீர்கள்.

2024 நவம்பரில் வாங் வியெங் என்ற ஊரில் மெத்தனால் கலந்த மதுவால் ஆறு சுற்றுலாப் பயணிகள் இறந்தார்கள். இலவசமாக ஊற்றித் தரும் மதுவைத் தொடாதீர்கள்.

மோட்டார் சைக்கிள் வாடகைக்கு எடுப்பதானால், நம் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் 1,000 ரூபாய் கட்டிப் பன்னாட்டு ஓட்டுநர் அனுமதி பெறுங்கள். அதில் இருசக்கர வாகனம் குறிக்கப்பட்டிருக்க வேண்டும். அனுமதி இல்லாமல் விழுந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். பெரிய சிகிச்சை என்றால் எல்லை தாண்டி உபோனுக்குத்தான் போக வேண்டும். காப்பீடு எடுக்கும்போது அவசர இடமாற்றச் செலவும் அதில் அடங்குகிறதா என்று பாருங்கள்.

புறப்படுவதற்கு முந்தைய நாள், பாக்சேயில்

தாய்லாந்தின் இரண்டாவது வருகை அட்டையை அறையின் வைஃபையில் நிரப்பிவிடுங்கள். டாலரையும் பாஸ்போர்ட்டையும் உள்பையில் வையுங்கள். கிப்பை லாவோஸுக்கு வெளியே மாற்றுவது கடினம். வேனுக்கும் காலை உணவுக்கும் எடுத்துவைத்தது போக மிச்சம் இருப்பதைக் கொண்டு சந்தையில் பொலாவென் காபிக்கொட்டை வாங்கிவிடுங்கள். வறுத்ததாகக் கேளுங்கள், பையை நன்றாகக் கட்டித் தரச் சொல்லுங்கள், ரயில் பெட்டி முழுக்க மணக்கும்.